கரிப்புத் தண்ணீர் ஊரில் மண்புழு உரம்

தொண்டி முதல் சாயல்குடி வரை கடலோர வீடுகளில் உரத்தொட்டி மண்புழு சாவதற்கு உப்பு ஒரு முக்கியக் காரணம். மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, ஈரத்தோல் வழியாகவே மூச்சு விடும். உப்பு பட்டால் உடம்பின் நீரை இழந்து சுருண்டுவிடும். ஆகவே தொட்டி வாங்கும் முன் தண்ணீரை முடிவு செய்யுங்கள். நாக்கில் கரிக்கும் போர்வெல் தண்ணீர் வேண்டாம். காவிரிக் குடிநீர், நல்ல ஊற்றுத் தண்ணீர், ஐப்பசி கார்த்திகையில் பிடித்துவைத்த மழைநீர் எதுவானாலும் சரி. நல்ல தண்ணீரில் அரிசி களைந்தால் அதையும் தெளிக்கலாம்.

1. தொட்டி: 50 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் 10, பக்கத்தில் 10 துளை, 5 மி.மீ. அகலத்தில் போடுங்கள். நான்கு செங்கல் மேல் நிறுத்தி, ஒவ்வொரு செங்கலையும் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். எறும்பு ஏறாது.

2. படுக்கை: அடியில் 5 செ.மீ. ஓட்டுச்சில்லு. அதன்மேல் 15 செ.மீ. தென்னை நார்த்தூள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: உப்புத் தண்ணீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்த தூளில் உப்பு ஏறியிருக்கும். நல்ல தண்ணீரில் மூன்று முறை ஊறவைத்து, ஒவ்வொரு முறையும் பிழிந்துவிட்டுப் போடுங்கள். மேலே 5 கிலோ சாணம். புதுச்சாணம் சூடேறிப் புழுவைக் கொல்லும், 15 நாள் ஆறியதே நல்லது.

3. புழு: கால் கிலோ போதும். மாலையில் மேலே பரப்புங்கள், தானாக உள்ளே இறங்கும். இறங்காமல் சுவரில் ஏறினால் படுக்கையில் சூடோ உப்போ இருக்கிறது.

4. தீனி: முதல் வாரம் எதுவும் வேண்டாம். பிறகு நாளுக்கு 100 கிராம் காய்கறித் தோலை நறுக்கிப் புதைத்து மூடுங்கள். உப்பிட்ட சோறு, ஊறுகாய், கருவாடு, எலுமிச்சைத் தோல் கூடாது. மீன் கழிவையும் போடாதீர்கள். அதைச் சம எடை வெல்லத்தோடு கலந்து, செடிக்குத் தெளிக்கும் மீன் அமிலமாக்கிக்கொள்ளலாம். கரையொதுங்கிய பாசியை எவ்வளவு கழுவினாலும் முதல் தொட்டியில் சேர்க்க வேண்டாம்.

5. நிழல்: சித்திரை வெயில்தான் அடுத்த எதிரி. 35 டிகிரி தாண்டினால் புழு தவிக்கும். பனையோலைக் கூரைக்கடியில் வைத்து, ஈரச்சாக்கால் மூடுங்கள். படுக்கையை ஒரு கை அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான் வரவேண்டும். நாற்றம் அடித்தால் ஈரமும் தீனியும் மிகுந்துவிட்டது. தீனியை நிறுத்தி, காய்ந்த தூள் சேர்த்துக் கிளறுங்கள்.

6. அறுவடை: சுமார் 60 நாளில் டீத்தூள் மாதிரிக் கறுத்துவிடும். நான்கு நாள் தண்ணீர் தெளிக்காமல் விட்டு, நிழலில் சாக்கின்மேல் கூம்பாகக் குவியுங்கள். வெளிச்சத்துக்குப் புழு அடியில் ஒதுங்கும். மேலிருந்து வழித்துச் சலியுங்கள். புழுவை அடுத்த படுக்கைக்கு மாற்றுங்கள்.

நம் தேரி (செம்மணல் மேடு) மணலில் உரம் சீக்கிரம் கழுவிப் போய்விடும். கத்தரி, மிளகாய்ச் செடிக்கு மாதம் இரு கைப்பிடி வேரைச் சுற்றி இட்டு, மேலே காய்ந்த சருகைப் பரப்புங்கள்.