ஒரு கண்ணைக் கட்டி விழித்திரையைச் சோதிப்பது எப்படி

தொலைநோக்கியில் வானம் பார்க்க வருகிறவர்கள் கையில் நான் முதலில் கொடுப்பது ஒரு தடித்த கறுப்புத் துணியைத்தான். விளக்கு எரியும்போதே அதை ஒரு கண்ணின் மேல் கட்டிக்கொள்ளுங்கள். அழுத்திக் கட்ட வேண்டாம், வெளிச்சம் கசியாமல் இருந்தால் போதும். மூக்கோரம்தான் கசியும், அங்கே கொஞ்சம் பஞ்சு வையுங்கள். அரை மணி நேரம் உட்கார்ந்தே இருங்கள். ஒற்றைக் கண்ணோடு படியேற வேண்டாம்.

அப்புறம் விளக்கை அணைத்து, துணியை அவிழ்த்து, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். கட்டியிருந்த கண்ணுக்கு நாற்காலியும் கதவும் சாம்பல் நிறத்தில் தெரியும். இன்னொன்றுக்குக் கும்மிருட்டு.

விழித்திரையில் மங்கிய வெளிச்சத்தை உணர்வது குச்சி செல். அதில் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. அதற்குள் வளைந்து கிடக்கும் ரெட்டினால் மூலக்கூறு, ஒரு ஃபோட்டானை, அதாவது ஓர் ஒளித்துகளை, வாங்கியதும் நிமிர்ந்துவிடும். நிமிர ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் அது பிரிந்துபோய், மறுபடி வளைந்து வந்து சேர நிமிடக்கணக்கில் ஆகும். அரை மணி நேரம் காக்கச் சொன்னது இதற்காகத்தான்.

எல்லாரும் தலைகீழாக நினைத்திருப்பது அடுத்த விஷயத்தை. இருட்டில் இந்த செல் தூங்குவதில்லை. சோடியம் அயனிகள் உள்ளே வந்துகொண்டே இருக்கும், மின்னழுத்தம் மைனஸ் 40 மில்லிவோல்ட் அளவில் நிற்கும், குளூட்டமேட் என்ற செய்தி கடத்தும் ரசாயனம் வெளியேறிக்கொண்டே இருக்கும். வெளிச்சம் பட்டால்தான் அயனி வாசல்கள் மூடுகின்றன. மின்னழுத்தம் மைனஸ் 70 பக்கம் இறங்க, குளூட்டமேட் குறைகிறது. அந்தக் குறைவுதான் அடுத்த நரம்பு செல்லுக்குச் செய்தி. வெளிச்சத்தில் செல்லின் வெளிநுனி நானோமீட்டர் கணக்கில் சுருங்கி, பிறகு நீளவும் செய்கிறது. அதைப் பார்க்கத் தனிக் கருவி வேண்டும், வீட்டில் முடியாது.

விளக்கு கட்டாயம் வேண்டுமென்றால் மங்கலான ஆழ்சிவப்பு விளக்கு. குச்சி செல்கள் 500 நானோமீட்டர் பக்கத்துப் பச்சை ஒளிக்குத்தான் நன்றாக மசியும், ஆழ்சிவப்பை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. ஃபோன் திரையைப் பார்த்தீர்களோ, மறுபடி முதலிலிருந்து காத்திருங்கள்.

சரி, இப்போது ஒரு மங்கிய நட்சத்திரம். நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், விழித்திரையின் நடுக்குழியில் குச்சி செல்களே கிடையாது. கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். வலக்கண் என்றால் நட்சத்திரத்துக்கு வலப்பக்கம், இடக்கண் என்றால் இடப்பக்கம். மாற்றிச் செய்தால் அது ஒளியை உணராத குருட்டுப் புள்ளியில் விழுந்து அடியோடு காணாமல் போகலாம்.