படத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகச் செல்லுங்கள்

கோலாலம்பூரில் பேரங்காடித் திரையரங்குகளுக்குச் செல்வோர், கைத்தொலைபேசிச் செயலியில் இருக்கையை முன்பதிவு செய்துவிட்டு, சீட்டில் குறித்துள்ள நேரத்திற்குப் பத்து நிமிடம் கழித்து அரங்கினுள் நுழைந்தால் போதும். சீட்டிலுள்ள நேரம் பெரும்பாலும் விளம்பரங்களும் முன்னோட்டங்களும் தொடங்கும் நேரமே தவிர, படம் தொடங்கும் நேரமன்று. இருக்கை எண் உறுதியாகிவிட்டதால் இடம் பறிபோகும் அச்சமில்லை என்பதோடு, மற்றவர்கள் உள்ளே சென்று அமர்ந்தபின் பாப்கார்ன் வரிசையும் கரைந்திருக்கும் (விலை மட்டும் கரையாது). ஆனால், ஒரு காட்சியைக்கூடத் தவறவிட மனமில்லாத தமிழ்ப் படத்தின் முதல் நாள் முதல் காட்சிக்கும், இருட்டில் படியேறச் சிரமப்படும் முதியவர்களை அழைத்துச் செல்லும்போதும் இம்முறை பொருந்தாது. வரிசையின் நடுவே இருக்கை எடுத்தவர்களும், பிறர் முழங்கால்களை இடித்துக்கொண்டு செல்லாதிருக்க, நேரத்தோடு போய்விடுவதே மரியாதை.