மெட்ரிக் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தைப்பூசக் காவடிக்கு வேண்டிக்கொள்கிற அதே நாட்களில்தான் மெட்ரிக் ரிசல்ட்டும், அதாவது பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவும், வரும். ஜனவரியில் கோயிலுக்கு வருகிற பெற்றோர்களில் பாதிப் பேர் முருகனிடம் எதைக் கேட்கிறார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமை தோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். மற்ற நாட்களில் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். அதனால் ஒரே பிள்ளையை 16 வயதில் புத்தகப் பையோடும் 23 வயதில் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடும் பார்க்கக் கிடைக்கிறது. பார்த்ததில் தெரிந்துகொண்ட தவறுகள் சில. முதல் தவறு நான் செய்தது.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். ஒரு எழுத்து பிசகினால் போதும், பக்கத்தையே கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவாள். செப்டம்பரில் பள்ளியில் மாதிரித் தேர்வு நெருங்கினால் வயிற்றுவலி தொடங்கிவிடும். அவள் அம்மா கவலைப்பட்டபோது, "மெட்ரிக் முடியட்டும், எல்லாம் தானா சரியாப் போயிடும்" என்று நானே சொன்னேன். மெட்ரிக் முடிந்தது. ஏழு பாடத்தில் ஐந்தில் 80-க்கு மேல். வீட்டில் பாயசம்.

அப்புறம் உம்ஷ்லாங்காவில் ஒரு அலுவலகத்தில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தவள் சமையலறையில் உட்கார்ந்து, போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். டீ ஆறுவதற்குள் நாலு தடவை அதைத் திருப்பிப் பார்த்துவிட்டாள். "ஆன்ட்டி, மேனேஜருக்கு மூணு வரி ஈமெயில். பதினோரு தடவை படிச்சிட்டுத்தான் அனுப்பினேன்" என்றாள் பாதி இங்கிலீஷில். கிழித்த பக்கங்கள்தான் ஞாபகம் வந்தன. வயிற்றுவலி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம்.

தேர்வு போய்விட்டது. தேர்வைச் சமாளிக்க அவள் பழகிய வழி மட்டும் அப்படியே வேலைக்குக் கூட வந்துவிட்டது. பயம் வந்தால் தூக்கத்தைக் குறைப்பது, யாரிடமும் கேட்காமல் தானே எல்லாவற்றையும் செய்வது, தப்பு நேர்ந்தால் மறைப்பது, இதெல்லாம் 15, 16 வயதில் படிகிற பழக்கங்கள். யோசித்து நிதானிக்கிற மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுவரை வளர்ந்துகொண்டிருக்கும். மனநலப் பிரச்சினைகளில் பெரும்பாலானவை முதலில் தலைகாட்டுவதும் 25 வயதுக்குள்தான். ஆக, பள்ளியின் கடைசி ஆண்டுகளும் வேலையின் முதல் ஆண்டுகளும் ஒரே நீளத் துணியின் இரண்டு முனைகள் மாதிரி. நடுவில் மெட்ரிக் சான்றிதழை வைத்துக் கத்தரிக்க முடியாது.

இதற்கு நேர்மாறாக இன்னொரு பேச்சு உண்டு: "இப்பவே கஷ்டப்படட்டும், அப்பதான் நாளைக்கு வேலையில தாங்குவான்." அளவான அழுத்தமும் பக்கத்தில் ஒரு பெரியவரும் இருந்தால் பிள்ளை கற்றுக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் தேர்வின் அழுத்தமும் வேலையின் அழுத்தமும் ஒரே சாதி இல்லை. தேர்வுக்குத் தேதி உண்டு, பாடத்திட்டம் உண்டு, பழைய வினாத்தாள் உண்டு, நவம்பர் கடைசியில் முடிந்தும் போகும். வேலைக்கு அப்படி ஒரு கடைசி நாள் கிடையாது. என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதே பல இடங்களில் தெளிவாக இருக்காது. 1979-இல் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் சொன்னது இன்றும் பொருந்துகிறது: வேலைச்சுமை அதிகம், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவு. இந்த இரண்டும் சேர்கிற இடத்தில்தான் மனிதர்கள் அதிகம் நொறுங்குகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பெரும்பாலும் வாய்ப்பதும் அந்த இடம்தான். இரவு இரண்டு மணிவரை கண்விழித்து மனப்பாடம் செய்த பயிற்சி அங்கே எதற்கு உதவும்?

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பதின்பருவத்தில் தூக்கம் வரவைக்கும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கும். பதினொரு மணிக்குத் தூக்கம் வராத பிள்ளை காலை ஆறு மணிக்கு எழ முடியாமல் கிடப்பதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைக்கிறோம்.

"பாட்டன் பூட்டன் கரும்புக் காட்டில படாததா?" என்பதும் நம் வீடுகளில் தவறாமல் வரும். 1860 நவம்பர் 16-இல் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் கரை சேர்ந்ததிலிருந்து அவர்கள் பட்டது கொஞ்சமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அவர்கள் மனதை என்ன செய்தது என்று அன்றைக்கு யார் உட்கார்ந்து கேட்டார்கள்?

கம்பெனிப் பக்கத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. ஒரு இளம் ஊழியர் தடுமாறினால், "சின்ன வயசிலேயே அப்படித்தானாம்" என்று ஃபைலை மூடிவிடுவார்கள். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை இன்றுவரை தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்களை 32 வயதில் பரிசோதித்தபோது, கடும் வேலைச்சுமையும் நேர நெருக்கடியும் உள்ளவர்களுக்கு மனச்சோர்வோ பதற்ற நோயோ வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. வேலைக்குப் போவதற்கு முன்பே மனநலப் பிரச்சினை இருந்ததா என்பதைக் கணக்கில் எடுத்தும் அந்த வித்தியாசம் மறையவில்லை. பழைய பழக்கம் ஒரு பங்கு, வேலையின் அமைப்பு தனியாக ஒரு பங்கு. ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிவிட முடியாது.

வீட்டிலும் ஒரு பாரம் ஏறும். இந்த நாட்டில் வேலை தேடும் 15-24 வயதினரில் பாதிக்கு மேல் வேலையில்லாமல் இருக்கிறார்கள். அதனால் வேலை கிடைத்தவன் வீட்டுக்கே ராஜா. முதல் சம்பளம் வருவதற்கு முன்பே கார் தவணை, தங்கையின் கல்லூரிக் கட்டணம் என்று பங்கு பிரித்துவிடுவார்கள். அப்புறம் அவன் எப்படி "முடியலை" என்று வாய் திறப்பான்? என் கணினியில் விடுப்புப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்களின் நோய் விடுப்புக் கட்டத்தில் எட்டு மாதம், பத்து மாதம் சுழியமாகவே நிற்கும். திடீரென்று ஒரு நாள் ராஜினாமாக் கடிதம்.

சட்டம் தெரியாததும் ஒரு காரணம். முதல் ஆறு மாதத்தில் 26 நாள் உழைப்புக்கு ஒரு நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. அதன்பின், வாரம் ஐந்து நாள் வேலை என்றால், 36 மாதச் சுற்றில் 30 நாள், முதல் ஆறு மாதத்தில் எடுத்ததையும் சேர்த்து. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வராவிட்டாலோ, எட்டு வாரத்துக்குள் இரண்டு தடவைக்கு மேல் விடுப்பு எடுத்தாலோதான் மருத்துவச் சான்று கேட்கலாம். சாதாரண வேலை வாரத்துக்கு 45 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, ஓவர்டைம் சம்மதத்தின் பேரில்தான். (சட்டம் குறித்த வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு இந்த மணிக்கணக்கு பொருந்தாது. ஆனால் முதல் வேலையில் அந்தச் சம்பளம் யாருக்கு வருகிறது!) மனச்சோர்வும் நோய்தான். வயிற்றுவலி என்று பொய் சொல்ல வேண்டியதில்லை.

காவடி எடுப்பதால் மனம் லேசாகும், நானும் எடுத்திருக்கிறேன். டாக்டரிடம் போவதைக் காவடிவரை தள்ளிப்போடுவதுதான் தப்பு. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் போக வேண்டியதுதான். "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் அன்றைக்கே கவனிக்க வேண்டும். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழுவான சாடாக்கின் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 0800 567 567. பிள்ளைகளுக்கு சைல்ட்லைன் 116.

அந்தப் பெண் இப்போது ஆலோசகர் ஒருவரிடம் போய்வருகிறாள். ஈமெயில் மூன்று தடவையாகக் குறைந்திருக்கிறதாம். என் வகுப்பிலும் ஒரு மாற்றம் செய்தேன். அழிரப்பர் கிடையாது, பக்கம் கிழிக்கக் கூடாது. தப்பான எழுத்தின் மேல் ஒரு கோடு, அடுத்த வரிக்குப் போகவேண்டியதுதான். போன சனிக்கிழமை ஒரு பையன் கையைத் தூக்கினான். "ஆன்ட்டி, அந்தக் கோட்டை ஸ்கேல் வெச்சுப் போடட்டுமா?"