முளைகட்டிய பயறில் அமைலேஸ்: இளநிலைப் புராஜெக்ட் சறுக்கும் இடங்கள்

உயிர்வேதியியல் இளநிலை மாணவர் தனியே செய்யும் ஆய்வுக்கு முளைகட்டிய பாசிப்பயறின் அமைலேஸ், அதாவது ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி, நல்ல தேர்வு. பயறு, ஸ்டார்ச், டிஎன்எஸ் கரைசல் (சர்க்கரையோடு வினைபுரிந்து நிறம் மாறுவது), 540 நானோமீட்டரில் அளக்க ஒரு கலரிமீட்டர் இருந்தால் தொடங்கிவிடலாம்.

பெரும்பாலான புராஜெக்ட்கள் கெடுவது பிளாங்க்கில், அதாவது நொதி வேலை செய்யாத ஒப்பீட்டுக் குழாயில். டிஎன்எஸ்ஸுக்கு நொதி தெரியாது, மால்டோஸ் போன்ற ஒடுக்கும் சர்க்கரைதான் தெரியும். முளைத்த பயற்றின் சாற்றில் அது ஏற்கெனவே நிறைய உண்டு. வெறும் பஃபரை (பிஎச் மாறாமல் காக்கும் கரைசலை) பிளாங்க்காக வைத்தால் அந்தச் சர்க்கரையும் நொதியின் கணக்கில் ஏறிவிடும். 2ஆம் நாளையும் 4ஆம் நாளையும் ஒப்பிடும்போது நீங்கள் ஒப்பிடுவது சர்க்கரையையாகக்கூட இருக்கலாம். ஒவ்வொரு சாற்றுக்கும் தனி பிளாங்க் வேண்டும்: ஸ்டார்ச்சில் முதலில் டிஎன்எஸ், அதன் பிறகே சாறு, பின்பு மற்றக் குழாய்களோடு கொதிநீரில். டிஎன்எஸ்ஸின் காரம் நொதியை நிறுத்திவிடுவதால், அதில் வரும் நிறத்தை அப்படியே கழிக்கலாம்.

உமிழ்நீர் அமைலேஸின் செய்முறையைப் பயறுக்கு நகலெடுப்பதும் வழக்கமாகிவிட்டது. 6.9 பிஎச் பாஸ்பேட் பஃபர் அதற்கானது. தாவர ஆல்பா அமைலேஸுக்கு 5 முதல் 6 வரையிலான பிஎச், அதாவது அசிட்டேட் பஃபர், பொருந்தும். கால்சியம் இல்லாவிட்டால் இந்த நொதி நிலைக்காது. சில மில்லிமோலார் கால்சியம் குளோரைடு சேருங்கள். பாஸ்பேட்டில் அது வீழ்படிவாகிவிடும், உலோக அயனிகளைப் பிடிக்கும் இடிடிஏ அதைப் பறித்துக்கொள்ளும். இன்னொரு வகையான பீட்டா அமைலேஸும் மால்டோஸ் தருவதால், டிஎன்எஸ்ஸை மட்டும் நம்பி அறிக்கையில் ‘ஆல்பா’ என்று எழுதாதீர்கள்.

30 நிமிடம் வைத்து ஒரே ஒரு முறை அளந்தால் வேகம் கிடைக்காது. 0, 2, 4, 6, 8, 10 நிமிடங்களில் எடுத்துக் கோடு நேராகப் போகிறதா என்று பாருங்கள். வளைந்தால் சாற்றை 10 அல்லது 20 மடங்கு நீர்த்து மறுபடி செய்யுங்கள். அடர்ந்த நிறத்தை மட்டும் நீர்த்து அளப்பது உதவாது. டிஎன்எஸ் தீர்ந்துபோயிருந்தால் அந்த எண் பொய்.

சாற்றின் புரதத்தை வீழ்படிவாக்கிப் பிரிக்க அம்மோனியம் சல்பேட் சேர்ப்பதானால், 60% தெவிட்டுநிலைக்கு 0 டிகிரியில் 100 மி.லி.க்கு 36.1 கிராம் தேவை. 25 டிகிரிக்கு 39. மொத்தமாகக் கொட்டாமல், கலக்கிக்கொண்டே சிறுகச் சிறுகச் சேர்க்கவும். டயாலிசிஸ் செய்யாமல் (சவ்வு வழியே உப்பை நீக்காமல்), நிறத்தை வைத்துப் புரதம் அளக்கும் லவ்ரி முறையைப் பயன்படுத்தினால் அந்த உப்பே குறுக்கிடும்.

ஒரே சாற்றை மூன்று குழாய்களில் ஊற்றுவது பிபெட் பிடிக்கும் கையைத்தான் சோதிக்கிறது. தனித்தனியே ஊறவைத்த மூன்று தொகுதிப் பயறு வேண்டும். பிழைக்கோடு எதிலிருந்து வந்தது என்பதை வரைபடத்தின் கீழேயே எழுதிவிடுங்கள்.