காற்று வாங்கிய கிணற்று மோட்டார்

மோட்டார் தொல்லை ஒருவழியாகத் தீர்ந்தது, அப்பாடா! கிணற்று மேட்டில் ஒரு ஹெச்பி மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது). போட்டதும் தண்ணீர் நன்றாகத்தான் வரும், கொஞ்ச நேரத்தில் குமிழி குமிழியாகத் துப்பி நின்றுவிடும். மழைக்காலம் முழுக்க ஒழுங்காக ஓடி, கிணற்று மட்டம் இறங்கிய பிறகுதான் இந்தக் கூத்து.

கிணற்றுக்குள் பைப்பின் அடிமுனையில் தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடிக்கும் ஃபுட் வால்வைக் கழற்றிப் புதிது போட்டேன். மோட்டாரின் கண்டன்சரும் (கெபாசிட்டர்) மாற்றியாயிற்று. ஊஹூம். 'ஏர் வாங்குது', அதாவது எங்கோ காற்று உள்ளே புகுது என்றார் கடைக்காரர், ஆனால் எந்த ஜாயின்டிலும் ஒரு சொட்டு ஈரமில்லை.

அங்கேதான் சூட்சுமம். டெலிவரி (தண்ணீரை மேலே தள்ளும்) பக்கம் ஓட்டை என்றால் தண்ணீர் வெளியே கசியும். சக்‌ஷன் (கிணற்றிலிருந்து உறிஞ்சும்) பக்கம் ஓட்டை என்றால், மோட்டார் ஓடும்போது காற்றைத்தான் உள்ளே இழுக்கும். மட்டம் இறங்க இறங்க இழுவையும் கூடும்.

ஷேவிங் நுரையை ஒவ்வொரு ஜாயின்டாக அப்பினேன். மோட்டார் வாயில் பைப் சேரும் மரையில் மட்டும் நுரை குழிந்து உள்ளே போனது. கழற்றினால், முன்பு யாரோ டெஃப்ளான் டேப்பை (மரையின் இடைவெளியை அடைக்கச் சுற்றும் மெல்லிய டேப்) எதிர்த்திசையில் சுற்றியிருக்கிறார்கள். முடுக்கும்போதே பிரிந்து சுருண்டிருக்கிறது. மரையைத் துடைத்து, பைப் முனை நம்மைப் பார்க்க வைத்து, கடிகாரச் சுற்றில் புது டேப் இழுத்துச் சுற்றி முடுக்கினேன். குமிழி போச்சு, டேங்க் நிரம்புகிறது.

நுரையை மோட்டார் ஓடும்போதே தடவுங்கள், நிறுத்தியிருந்தால் எதுவும் தெரியாது.