மரியானா அரசியின் படத்தை நகலெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்ணெய் வண்ணம் பயில வருவோரில் சிலர், மாட்ரிடின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள ஸ்பெயின் அரசி மரியானாவின் முழுவுருவப் படத்தை நகலெடுக்கத் துணிகிறார்கள். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் அதை 1652–53 வாக்கில் தீட்டினார். என் தொடக்க காலப் பிழைகளையே இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். நகலெடுக்கப் போடும் கட்டம் கோணலாவது போன்ற சில்லறைப் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

சரிகையை இழை இழையாக வரைவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். கறுப்பு உடையின் வெள்ளிச் சரிகைப் பட்டைகளைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்து, மிக நுண்ணிய தூரிகையால் ஒவ்வோர் இழையையும் வரையத் தொடங்கிவிடுகிறார்கள். மூலப் படத்தை நெருங்கிப் பார்த்தால் அங்கே இழையே இல்லை. சாம்பல் தடங்களும், அவற்றின்மேல் விரைந்து வைத்த வெண்மைத் திட்டுகளும்தான் இருக்கின்றன. சில அடி பின்வாங்கினால் அவையே சரிகையாகக் கூடிவிடும். ஒரு மாணவி வாரக்கணக்கில் உழைத்து எல்லா இழைகளுக்கும் ஒரே வெளிச்சம் கொடுத்தார். பாவாடை வளைவிழந்து கம்பிவலையாகத் தட்டையாயிற்று. அதை மறைக்கக் கறுப்பு பூசியபோது, காய்ந்து புடைத்திருந்த வெள்ளைக் கோடுகள் மேற்பூச்சையும் மீறித் தெரிந்ததால், கேன்வாஸையே கைவிட நேர்ந்தது. முதலில் பாவாடை முழுவதன் ஒளியையும் நிழலையும் முடியுங்கள். பிறகு பட்டைகளின் போக்கைச் சாம்பலில் குறியுங்கள். வெள்ளையை வெளிச்சம் விழும் மேடுகளில் மட்டும் வைத்து, மற்ற இடங்களில் கோடு அறுபட விடுங்கள்.

பாவாடையை மணிபோல் உருட்டுவது

உள்ளே இருக்கும் குவார்தயின்ஃபாந்தே என்னும் சட்டகம் பக்கவாட்டில் விரிவது. முன்னும் பின்னும் தட்டையானது.

குழாய்க் கறுப்பை அப்படியே பூசுவது

கூடாது. சிறிது சிவப்போ பழுப்போ கலந்தால்தான் பின்னாலுள்ள சிவப்புத் திரையோடு உடை இணங்கும்.

சிரிக்க வைப்பது

தாய்மாமனான மன்னர் நான்காம் பிலிப்பை 1649இல் மணந்த மரியானாவுக்கு, இந்தப் படம் தீட்டப்பட்டபோது வயது 18 தான் இருக்கும். பூச்சேறிய கன்னமும் இறுகிய உதடும் அப்படியே இருக்கட்டும். இனிமை சேர்க்கும் உரிமை நகலெடுப்பவருக்கு இல்லை.

கைக்குட்டையை அழகுபடுத்துவது

வேண்டாம். இடக்கையிலிருந்து தொங்கும் அந்தப் பெரிய வெள்ளைத் துணி சில அகன்ற வீச்சுகளில் முடிந்துவிட்டது. உங்களுடையதும் அவ்வாறே முடியட்டும்.