கௌபாய் படத்துக்கு எந்தப் பட்டப்பெயர் பொருந்தும்?

கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரித் திரையிடலுக்கு அறிவிப்பு எழுதுகிறீர்களா? கௌபாய் படங்களுக்கு ஆங்கிலத்தில் பொதுப்பெயர் 'வெஸ்டர்ன்'. ஆனால் குதிரை, தொப்பி, துப்பாக்கி தெரிந்ததும் 'ஸ்பாகெட்டி வெஸ்டர்ன்' (ஸ்பாகெட்டி என்பது இத்தாலிய உணவு) என்று போட்டுவிடாதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது, படத்தை எடுத்தவர்கள் யார் என்பதை. அந்தப் பெயர் 1960களில் செர்ஜியோ லியோனி போன்ற இத்தாலிய இயக்குநர்கள் எடுத்த படங்களுக்கானது. அவற்றில் பல ஸ்பெயினின் அல்மேரியா பகுதியில் படமானவை. அதனால் பாலைவனத்தை வைத்து நாட்டை முடிவுசெய்தால் தப்பாகும்.

ஹாலிவுட் படமென்றால் 'ஹார்ஸ் ஆபரா', 'ஓட்டர்' என்ற இரண்டு பேச்சுவழக்குப் பெயர்கள் உண்டு. முன்னதில் ஆபரா (இசை நாடகம்) என்று இருந்தாலும் பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பின்னது ஓட்ஸிலிருந்து வந்தது. நம் பக்கம் குதிரைக்குக் கொள்ளு வைப்பதுபோல அங்கே ஓட்ஸ். தமிழில் 'ஓட்டர்' என்று மட்டும் அச்சடித்தால் வாக்காளர் என்றே படிப்பார்கள். முதல் முறை வரும்போதே, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

இரண்டிலும் லேசான இளக்காரம் உண்டு. ஒரே வார்ப்பில், குறைந்த செலவில் எடுத்த படங்களுக்கே அவை பொருந்தும். நீங்கள் மதிக்கும் படத்துக்கு 'வெஸ்டர்ன்' போதும்.

இந்தியப் படங்களுக்கு 'கறி வெஸ்டர்ன்'. 1975இல் வந்த ஷோலே இதற்கு நல்ல உதாரணம். கர்நாடகத்தின் ராமநகரப் பாறைகளில் எடுத்தது. கிருஷ்ணகிரி மலைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலம் அந்நியமாகத் தெரியாது. ஜெய்சங்கர் நடித்த கங்கா (1972) மாதிரி தமிழ்ப் படங்களுக்கு 'கௌபாய் படம்' என்றே எழுதுங்கள்.